சத்திரத்துச் சாப்பாடு

சென்னையிலிருந்து காரில் பெங்களூருக்கோ வேலூருக்கோ கிளம்புகிறீர்கள். பூந்தமல்லி நெரிசலில் அரை மணி, இருங்காட்டுக்கோட்டையில் கால் மணி, ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு கால் மணி. வயிறு கூப்பிடுகிறது. என்ன செய்வீர்கள்? பெரிய பார்க்கிங், சுத்தமான டாய்லெட், வாசலில் குழந்தைகளுக்கு ஊஞ்சல், கண்ணாடிப் பெட்டிக்குள் மைசூர்பாகு உள்ள ஏதோ ஒரு ஓட்டலில் நிறுத்துவீர்கள். நெய் ரோஸ்ட், மெதுவடை, டிகிரி காபி. பில்லைப் பார்த்து ஒரு பெருமூச்சு. மறுபடி கார்.

தப்பே இல்லை. நானும் பல வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த ஓட்டல்களைப் பற்றி நான் எழுதவும் வேண்டியதில்லை. அங்கே என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அண்ணா நகரில் கிடைப்பதுதான் அங்கேயும் கிடைக்கும், பத்து ரூபாய் கூடுதலாக.

இந்த வாரம் உங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போவது அந்த ஓட்டல்களுக்குப் பின்னால். ஊர் சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே, இடது பக்கம் வாலாஜாபாத் சாலையும் வலது பக்கம் மப்பேடு வழியாகத் திருவள்ளூர் போகும் சாலையும் பிரிகிற கூட்டு ரோடு. பஸ்ஸில் போகிறவர்கள் அதிகம் போனால் இங்கே ஒரு டீ குடித்திருப்பீர்கள்.

ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். சத்திரம். வழிப்போக்கனுக்குத் திண்ணையும் ஒரு வேளைச் சோறும் கொடுக்கிற இடம். ரயிலும் பஸ்ஸும் வராத காலத்தில் நடந்தும் மாட்டுவண்டியிலும் போனவர்களுக்கு இந்த மாதிரி சத்திரங்கள்தான் ஓட்டல். தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களில் பெரிய ஆவணங்களே இருக்கின்றன, எத்தனை பேருக்குச் சோறு, எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய் என்று. நம் தொண்டை மண்டலத்துச் சத்திரங்களுக்கு அந்த அளவு கணக்கு வழக்கு கண்ணில் படவில்லை. ஊர்ப் பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

அந்தப் பெயருக்கு இப்போது மறுபடி வேலை வந்துவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ உருள ஆரம்பித்ததிலிருந்து, இந்தச் சாலையின் இரு பக்கமும் தொழிற்சாலைகள். கண்ணாடி, டயர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., செல்போன். அந்தப் பக்கம் ஒரகடம் போனால் கார், லாரி, புல்லட். லட்சக்கணக்கான ஜனம். அவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, தருமபுரி, திண்டிவனம். அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். அதற்கும் அப்பால் கொரியா, ஜப்பான். எல்லோரும் வழிப்போக்கர்கள், ஆனால் போகாமல் வருஷக்கணக்கில் தங்கிவிட்ட வழிப்போக்கர்கள். அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள், என்ன சோறு, அது எப்படி இருக்கிறது? நான் போனது இதைப் பார்க்கத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைப் பெயர், முதலாளி பெயர், போன் நம்பர் எதுவும் இதில் இருக்காது. காரணம், இங்கே பாதிக் கடைகளுக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. மீதிப் பாதிக்கு இருக்கும் பலகையில் போன குத்தகைக்காரர் பெயர் இருக்கிறது. நல்ல மாஸ்டர் ஒருவர் ஆறு மாசத்தில் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். ருசியும் அவர் பின்னாலேயே போய்விடும். பெயரை எழுதி நீங்கள் போய் ஏமாந்து என்னைத் திட்டுவதைவிட, அடையாளம் சொல்கிறேன். அடையாளம் தெரிந்தவன் எந்தக் கடையிலும் பிழைத்துக்கொள்வான்.

*

காலையில் போங்கள். காலை என்றால் உங்கள் காலை இல்லை, ஷிப்டு காலை. ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் ஏறப்போகிறது. ராத்திரி ஷிப்டு முடிந்து கண் சிவந்த இன்னொரு கூட்டம் கொஞ்ச நேரத்தில் இறங்கப்போகிறது. கூட்டு ரோட்டை ஒட்டின சந்துகளில் அந்த நேரத்துக்கு இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

இங்கே கேட்க வேண்டியது இட்லி, வடகறி. தோசை கேட்காதீர்கள். தோசைக்கல் ஒன்றுதான், உங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நிற்பார்கள், அவசரத்தில் வெந்தும் வேகாமலும் எடுத்துப் போடுவார்கள். இட்லி அப்படி இல்லை. ஒரே ஈட்டில் முப்பது நாற்பது. துணி போட்டு வேகவைத்த இட்லியா, எண்ணெய் தடவின தட்டா என்று பாருங்கள். துணி இட்லியின் அடிப்பக்கத்தில் நெசவு அச்சு இருக்கும். அது இருந்தால் உட்காருங்கள்.

வடகறி சென்னைக்காரர்களின் கண்டுபிடிப்பு. சைதாப்பேட்டை மாரி ஓட்டல் அதற்குக் கோயில் மாதிரி. இந்தப் பக்கத்து வடகறி அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. பட்டை, சோம்பு கொஞ்சம் தூக்கல், தேங்காய் கம்மி. நல்ல வடகறியில் பருப்பு உருண்டை கரைந்து கூழாகாமல், விரலால் அமுக்கினால் உடைகிற பதத்தில் இருக்கும். நேற்றுச் சாயங்காலம் விற்காத மசால் வடையைப் பிய்த்துப் போட்டால் ஒரு காறல் வாசனை வரும், பழைய எண்ணெயின் வாசனை. மோந்து பார்த்தாலே தெரியும். மோந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம், கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

பொங்கலுக்கும் ஒரு பரீட்சை உண்டு. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நாக்கால் மேலண்ணத்தைத் தடவுங்கள். மெழுகு மாதிரி ஒட்டியிருந்தால் அது வனஸ்பதி. நெய் வாய்ச் சூட்டிலேயே உருகிப் போய்விடும். இருபத்தைந்து, முப்பது ரூபாய்ப் பொங்கலில் நெய் எதிர்பார்ப்பது அநியாயம் என்பீர்கள். சரிதான். ஆனால் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றி, மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, இஞ்சி தூக்கலாக ஒரு பொங்கல் செய்கிறார்கள் ஒரு சந்தில். நெய்யே இல்லாமல் நேர்மையான பொங்கல். அந்த அம்மாவிடம் "நெய் போடலியா?" என்று கேட்டேன். "போட்டா நீ துன்னுவ, இந்தப் புள்ளங்க துன்ன முடியுமா?" என்றார் பஸ் நிறுத்தத்தைக் காட்டி. எண்ணெயின் பெயரை மறைக்காத கடை நல்ல கடை.

*

அந்தப் புள்ளைங்களைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லியே ஆகவேண்டும். 2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் கோக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிட்ட சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சரியான பதில் கிடைக்கவில்லை. வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் வந்து சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பல மணி நேரம் போக்குவரத்து நின்றது. தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடி திறந்தது. உலகம் முழுக்கச் செய்தி.

கூலி உயர்வுக்காகச் சாலை மறியல் பார்த்திருக்கிறோம், தண்ணீருக்காகப் பார்த்திருக்கிறோம். இது சாப்பாட்டுக்காக. தட்டில் விழுந்த சோற்றுக்காக. பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். அந்தச் செய்தி வந்தபோது, வாராவாரம் எந்த ஓட்டலில் சாம்பார் மணக்கிறது என்று எழுதுகிற எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நாம் மெனு கார்டைப் பார்த்து முகம் சுளித்து எழுந்து அடுத்த ஓட்டலுக்குப் போகலாம். விடுதி மெஸ்ஸில் மூன்று வேளையும் ஒரே காண்ட்ராக்டர். பிடிக்கவில்லை என்றால் பட்டினி. விமர்சனத்துக்கு வழியே இல்லாத சாப்பாடு அது.

அதற்கப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தங்க ஒரு பெரிய குடியிருப்பு கட்டித் திறந்தது. பெரிய சமையலறை, பெரிய சாப்பாட்டுக்கூடம். நல்லதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுங்குவார்சத்திரம் கடைத்தெருவுக்கு வாருங்கள். நாலைந்து பேராகக் கைகோத்துக்கொண்டு அந்தப் பெண்கள் வருவார்கள். பானிபூரி, சில்லி காளான், முட்டை தோசை, அப்புறம் இப்போது புதிதாக மோமோ. ருசிக்காக மட்டும் இல்லை. 'எனக்கு இது வேண்டும், காரம் கம்மி, வெங்காயம் தூக்கல்' என்று வாரத்தில் ஒரு வேளையாவது தன் வாயால் சொல்லிச் சாப்பிட.

சில்லி காளான் என்ற பெயரில் பாதிக் கடைகளில் முட்டைக்கோஸும் மைதாவும்தான் இருக்கும், சொல்லிவிட்டேன். மோமோ பரவாயில்லை, வடகிழக்குப் பையன்களே கூடையை வைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் வாங்குங்கள். அந்தச் சிவப்புச் சட்னியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யுங்கள். ஆந்திரா ஊறுகாய்க்குப் பழகினவர்களே தண்ணீர் கேட்பார்கள்.

*

மதியம் என்ன சாப்பிடலாம்? 'மீல்ஸ் ரெடி' பலகை போட்ட இடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாதம், சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல், அப்பளம். ரசத்தை முதலில் கேட்டு டம்ளரில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். ரசம் சரியாக இருந்தால் மற்றதும் சுமாராக இருக்கும். ஒரு இடத்தில் காலை சாம்பாரிலேயே புளியும் மிளகாய்ப்பொடியும் கலந்து காரக்குழம்பு என்று ஊற்றினார்கள். இட்லித் துணுக்கு ஒன்று மிதந்ததில் குட்டு வெளிப்பட்டது. அந்தக் கடை எது என்று கேட்காதீர்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று. இது ஏரி நாடு. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கே ஏரி மாவட்டம் என்றுதான் பெயர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி, ஊருக்கு ஊர் ஒரு சின்ன ஏரி. அசைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே வந்து வஞ்சிரம் வறுவல் கேட்பது திருநெல்வேலிக்குப் போய் மைசூர்பாகு வாங்குவது மாதிரி. ஏரி மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். விரால் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஜிலேபிக் கெண்டை எப்போதும் கிடைக்கும். முள் அதிகம், பொறுமை வேண்டும். மண்சட்டியில் புளி கெட்டியாக, பூண்டு முழுசு முழுசாக, மாங்காய்க் காலத்தில் இரண்டு துண்டு மாங்காயும் போட்டு வைத்த குழம்பு. சேற்று வாடை வந்தால் மீனைச் சரியாக உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவவில்லை என்று அர்த்தம், ஏரியின் தப்பில்லை. கெளுத்தி என்று சொன்னால் மட்டும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், நாட்டுக் கெளுத்திதானா என்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கிறது, ஆனாலும் அங்கங்கே தட்டுக்கு வந்துவிடுகிறது.

இதே வெயில் நேரத்தில் இன்னொரு கதவையும் தட்டலாம். வடநாட்டுத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கிற லைன் வீடுகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடைகள். உள்ளே போனால் கடுகெண்ணெய் வாசனை மூக்கைத் தாக்கும். முதல் தடவை திரும்பி ஓடத் தோன்றும். இரண்டு நிமிஷம் நில்லுங்கள், பழகிவிடும். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டைக் குழம்பு. தினம் இதுதான். விலை மலிவு, அளவு தாராளம்.

ஒடியாக்காரர் நடத்துகிற கடை என்றால் 'டால்மா' இருக்கிறதா என்று கேளுங்கள். பருப்பும் பூசணியும் வாழைக்காயும் கத்தரிக்காயும் சேர்த்து வேகவைத்தது, புளி கிடையாது. வெங்காயம், பூண்டு இல்லாமலும் செய்வார்கள். புரி ஜகந்நாதர் கோயில் பிரசாதத்தில் உண்டு. நம் கூட்டுக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம். கடுகு, சீரகம், வெந்தயம், சோம்பு, கருஞ்சீரகம் ஐந்தையும் தாளித்துக் கொட்டுவதில்தான் அதன் வாசனை. பாதிக் கடைகளில் கருஞ்சீரகம் இருக்காது. அப்போதும் சாப்பிடலாம்.

கோடையில் போனால் 'பக்காளா'. பெயர் புதுசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சோற்றில் தண்ணீர் ஊற்றி லேசாகப் புளிக்கவிட்டது. ஆமாம், நம் பழைய சோறேதான். ஒடிசாவில் மார்ச் 20-ம் தேதியை அதற்கென்று ஒரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். நாம் அதைக் கிண்டல் செய்து முடித்து, இப்போது நட்சத்திர ஓட்டலில் மண்கலயத்தில் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறோம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசியல், கீரை வறுவல், பச்சை மிளகாய், வாய்த்தால் ஒரு பொரித்த மீன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறானாம். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கற்றுக்கொண்ட தமிழில் கேட்டான்: "அண்ணா, உங்க ஊர்ல இது இருக்கா?" இருக்கிறது என்றேன். நம்பாமல் சிரித்தான்.

*

இப்போது கொரியாவுக்கு வருவோம். இந்த வட்டாரத்து விசேஷமே அதுதான்.

ஹூண்டாயோடு வந்தவர்கள், அதன் உதிரிபாகக் கம்பெனிகளோடு வந்தவர்கள், சாம்சங்கோடு வந்தவர்கள் என்று கொரியக் குடும்பங்கள் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரிலுமாக இருக்கின்றன. அவர்களுக்காக ஓட்டல்கள் வந்தன. வெளியே பலகையில் வட்டமும் கோடுமாக அவர்கள் எழுத்து மட்டும் இருக்கும். வெகு நாள் நம் ஆட்கள் அதற்குள் போகவே இல்லை. உள்ளே நாய்க்கறி போடுகிறார்கள் என்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம். அப்புறம் டி.வி. தொடர்கள் வந்தன, தமிழிலேயே பேசின. நம் வீட்டுப் பெண்கள் கொரிய நடிகர்களின் பெயரைச் சுத்தமாக உச்சரிக்க ஆரம்பித்தார்கள். இன்று சனிக்கிழமை அங்கே இடம் கிடைப்பதில்லை.

முதல் தடவை போகிறீர்களா? தொடரில் பார்த்தோமே என்று 'டோக்போக்கி' கேட்காதீர்கள். அரிசிமாவுக் கொழுக்கட்டையை இனிப்புக் காரக் குழம்பில் போட்டது. பார்க்க அழகு, மெல்ல ரப்பர். பதினாறு வயதுக்கு மேல் பிடிப்பது கஷ்டம். (பதினாறு வயதுக்காரர்கள் கடிதம் எழுத வேண்டாம்.)

கேட்க வேண்டியது 'தோல்சோத் பிபிம்பாப்'. நெருப்பில் காய்ச்சின கல் சட்டி. அதில் சோறு, மேலே கேரட், கீரை, முளைப்பயிறு, காளான், ஒரு முட்டை, தனியாகச் சிவப்பு மிளகாய் விழுது. வந்தவுடன் கிளறிவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் பொறுங்கள். சட்டியின் அடியில் சோறு பிடிக்கிற சத்தம் கேட்கும். அப்புறம் எல்லாவற்றையும் கலந்து, கடைசியில் அந்தக் காந்தலைச் சுரண்டுங்கள். உங்கள் பாட்டி வெண்கலப் பானையின் அடியைச் சுரண்டிக் கையில் உருட்டிக் கொடுத்த ருசி ஞாபகத்துக்கு வரும். கொரியாவிலும் காந்தல் சோற்றில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிற பழக்கம் இருக்கிறது.

சோற்றோடு கேட்காமலே ஆறேழு குட்டிக் கிண்ணங்கள் வரும். 'பாஞ்சன்' என்று பெயர். கிம்ச்சி, வெள்ளரிக்காய், முளைப்பயிறு, உருளைக்கிழங்கு, சில நாள் நெத்திலி. இதற்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். நம் ஆட்கள் இது தெரியாமல் கிம்ச்சியைத் துளித்துளியாக மிச்சம் பிடித்துச் சாப்பிடுகிறார்கள். கேளுங்கள். பொரியல் இரண்டாம் தடவை கேட்பதில்லையா? அங்கே பரிமாறுகிற பையன் வந்தவாசிப் பக்கம்தான்: "எவ்ளோ வேணா கேளுங்க சார், ஆனா வச்சிட்டுப் போய்டாதீங்க, ஓனரம்மா என்னைத் திட்டுவாங்க."

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிம்ச்சி முட்டைக்கோஸ்தானே என்று கையை வைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்த்துத்தான் ஊறவைப்பார்கள். சூப்புகளிலும் நெத்திலிச் சாறு இருக்கும். முன்னாலேயே கேட்டுவிடுங்கள். முட்டையும் இறைச்சியும் இல்லாமல் பிபிம்பாப் கிடைக்கும். மிளகாய் விழுதில் மட்டும் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு 'சம்கியோப்சால்'. மேஜை நடுவே அடுப்பு, கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காக உள்ள துண்டுகள், கையில் ஒரு கத்தரிக்கோல். ஆமாம், துணி வெட்டுகிற மாதிரி கத்தரிக்கோலால்தான் வெட்டவேண்டும். வெந்த துண்டைக் கீரை இலையில் வைத்து, பூண்டும் பச்சை மிளகாயும் சோயா விழுதும் சேர்த்து, வெற்றிலை மாதிரி மடித்து ஒரே வாயில். வெற்றிலை போட்டுப் பழகின ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறை உண்டா? உண்டு. விலை. இரண்டு பேர் சாப்பிட்டு வந்த பில்லைப் பக்கத்துச் சந்தின் இட்லிக் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். வடகறியோடு ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குக் காலை டிபன் ஆகியிருக்கும். கொரியாவிலிருந்து வரும் சாமான்களுக்கு அந்த விலைதான் என்கிறார்கள். முளைப்பயிறும் முட்டைக்கோஸுமா கப்பலில் வருகிறது? இன்னொரு குறை, இந்தியர்கள் வந்தால் காரத்தைத் தூக்கிவிடுகிறார்கள். 'கொரியக்காரர்களுக்குப் போடுகிற மாதிரியே போடுங்கள்' என்று சொல்லுங்கள். அவர்கள் காரம் நாம் நினைக்கிற அளவு சாதுவானதும் இல்லை.

*

இந்த வட்டாரத்துக் கடைகளுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தபோது அதைச் சுற்றி எத்தனை டீக்கடை, எத்தனை மெஸ், எத்தனை லேடீஸ் ஹாஸ்டல்! 2014 நவம்பரில் நோக்கியா மூடியது. செய்தித்தாள்கள் வரி வழக்கையும் வேலை இழந்தவர்களையும் பற்றி எழுதின. அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2024 செப்டம்பர் 9-ம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாசத்துக்கு மேல் போனபோது, பழைய ஆட்களுக்கு அந்த ஞாபகம் வந்திருக்கிறது. "அவங்களுக்குச் சம்பளம் வந்தாதான் நம்ம கல்லு சூடாவும்" என்றார் ஒரு பரோட்டா மாஸ்டர். கடன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். தடிமனான புத்தகம். பெயர்களுக்குப் பதில் பல இடங்களில் கம்பெனியும் ஷிப்டும்தான் எழுதியிருந்தது. திருப்பிக் கொடுத்தார்களா என்றேன். "முக்காவாசி வந்துட்ச்சு. மீதி வரும்" என்றார்.

அவர் கடைக்குத்தான் ராத்திரி போகவேண்டும். அடையாளம்: வாசலில் நீள மேஜை, அதில் எண்ணெயில் குளித்த மாவு உருண்டைகள் ஈரத்துணிக்கு அடியில், பக்கத்தில் கொத்துகிற கல். ரெடிமேட் பரோட்டாவைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சூடு செய்கிற கடைகள் பெருகிவிட்டன. வீச்சு சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கவேண்டும். அடித்தால்தான் அடுக்கு பிரியும். அந்தச் சத்தம் இல்லாத பரோட்டா வெறும் மைதா ரொட்டி. சால்னா இங்கே தண்ணியாக, பட்டை சோம்பு வாசனையோடு இருக்கும்; மதுரைக்காரர்கள் குறை சொல்வார்கள். சொல்லட்டும். ஊறப்போட்டுச் சாப்பிட இதுதான் சரி. கூடவே ஒரு கலக்கி. கலக்கி முழுசாக வெந்திருக்கக் கூடாது. நடுவில் தளதளவென்று ஆடவேண்டும்.

பிரியாணி? சாலையில் இருபதடிக்கு ஒரு பலகை 'ஆம்பூர் பிரியாணி' என்கிறது. ஆம்பூர் இதே சாலையில்தான் இருக்கிறது. நேராகப் போனால் ஸ்டார் பிரியாணியிலேயே சாப்பிடலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், சீரகச் சம்பா அரிசியா, காய்ந்த மிளகாய் அரைத்த நிறமா, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்ப் பச்சடி கொடுக்கிறார்களா என்று மூன்றையும் பாருங்கள். பாசுமதி அரிசியில் ஆரஞ்சுக் கலர் தூவினால் அது ஆம்பூர் இல்லை. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் தம் உடைக்கிற நேரத்தில் போங்கள். ராத்திரி பிரியாணி என்பது மதிய பிரியாணியின் ஆவி.

மறுநாள் நேரம் இருந்தால் காஞ்சிபுரம் பக்கத்தில்தான். வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதக் கடையில் குடலை இட்லி கேளுங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பது. சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம். சட்னி, சாம்பார் எதிர்பார்க்காதீர்கள், அதுவே போதும். டம்ளரில் வேகவைத்து மேலே முந்திரியும் கேரட்டும் பதித்து ஓட்டல்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று தருகிறார்களே, அதைச் சாப்பிட்டவர்கள் இதைச் சாப்பிட்டால் ஒரு வாரம் பேசமாட்டார்கள்.

பரோட்டாக் கடைக்கு இரண்டாம் தடவை போனபோது மணி பத்தேகால். பத்து மணி ஷிப்டு பஸ்கள் வந்து இறங்கிக் கொண்டிருந்தன. பெஞ்சில் இடம் இல்லை. சுவரில் சாய்ந்து தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு, "சார், இன்னிக்கு உங்களுக்கு இல்ல. இருக்கற மாவு இவங்களுக்கே சரியாப் பூடும்" என்றார். எனக்கு ஒரு டீ மட்டும் கொடுத்தார். நீங்கள் போவதாக இருந்தால் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள்.